பெரிய திரைக்கு வழி

பேரக் குழந்தை தவழும் படம் அமெரிக்காவிலிருந்து செல்போனுக்கு வந்துவிட்டது. உள்ளங்கை அகலத் திரையில் பாட்டிக்குக் கண் பிடிபடவில்லை. டெலிவிஷனுக்குப் பின்னால் க்ரோம்காஸ்ட் இருந்தும், "பிள்ளை ஆபீஸிலிருந்து வரட்டும்" என்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனை வீடுகளில் காத்திருக்கிறார்கள்! காத்திருப்பானேன், சகோதரிகளே? கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் ஆட்டிவைக்கும் உங்களுக்கு இது ஒரு பிரமாதமா?

கூகுள் கம்பெனி இந்தச் சின்ன உபகரணத்தை 2013-ல் வெளியிட்டது. 2024-ல் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. வீடுகளில் இருப்பவை பல இன்னும் உழைக்கின்றன. டெலிவிஷனின் எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் அதைச் செருகி, மின்சாரமும் கொடுத்து, ரிமோட்டில் அந்தத் துவாரத்தைத் தேர்ந்தெடுங்கள். போனில் வைஃபையும் புளூடூத்தும் லொகேஷனும் போட்டுக்கொண்டு, 'கூகுள் ஹோம்' செயலியைத் திறந்தால் அதுவே கேட்டுக் கேட்டு வழி நடத்தும். போனில் தெரியும் குறியீடும் டெலிவிஷனில் தெரிவதும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, உங்கள் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், திரையில் இருப்பதை அப்படியே டெலிவிஷனில் காட்டும் வசதியும் அந்தச் செயலியிலேயே உண்டு.

தகராறு வருவது ஒரே இடத்தில்தான். போனும் க்ரோம்காஸ்டும் ஒரே வைஃபையில் இருந்தாக வேண்டும்! சில ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர்களைக் காட்டும். 2013-ல் வந்த முதல் க்ரோம்காஸ்டுக்கு 2.4 மட்டுமே பிடிபடும். சுவரைத் தாண்டுவதிலும் அதுதான் கெட்டி. ஆகவே கூடத்தில் ரூட்டரும் உள்ளறையில் டெலிவிஷனும் இருக்கிற வீட்டில் 2.4-ஐத் தேர்ந்தெடுப்பதே உத்தமம்.

இணைப்புக் கம்பெனியை மாற்றினீர்களா? உபகரணம் பாவம், பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். புது ரூட்டருக்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே, ஓர் எழுத்துக்கூட மாறாமல் வைத்துவிட்டால், பெரும்பாலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ரூட்டரைப் பொருத்த வருகிறவரிடமே சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்தவர் எவரும் உங்கள் டெலிவிஷனில் தம் படத்தை ஓட்டலாம். பூந்தமல்லி அடுக்குமாடியில் எதிர்வீட்டுப் பையன் 'ஆன்டி, பாஸ்வேர்டு' என்று வந்து நின்றால் இல்லையென்று சொல்ல மனம் வருமா? பல ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கலாம். அதிலிருந்து வீட்டுச் சாதனங்களை எட்ட முடியாது. அதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் இரவு எட்டரை மணித் தொடரில் கதாநாயகி அழப்போகும் சமயம் பார்த்துக் கிரிக்கெட் வந்து குதிக்கும்!