பெட்டியை மாற்றுமுன் சுவரைப் பாருங்கள்



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கட்டாரில். வீட்டுக்கு 100 மெகாபிட் பைபர் இணைப்பு எடுத்து எட்டு மாதமாகிறது. முன் ஹோலில் இருந்து பேசினால் கணவரின் முகம் தெளிவாகத் தெரிகிறதாம். பின்னறைக்குப் போனதும் படம் உறைந்து நின்றுவிடுகிறதாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் சூம் வகுப்புக்கு உட்காருவதும் அந்த அறையில்தான். கடையில் கேட்டதற்கு, "ஆறு கொம்புள்ள ரவுட்டர் ஒன்று போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார்களாம். கணவர் அனுப்பிய காசில் அதை வாங்கிவிடவா என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் சகோதரி. இந்த விடயத்தில் நானே ஏமாந்தவன்.

கொரோனாக் காலத்தில் பாடங்களை வீட்டிலிருந்து நடத்த வேண்டி வந்தபோது, பெட்டியில் "1200" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். எங்கள் இணைப்பு 200 மெகாபிட். எவ்வளவு பார்த்தும் 95க்கு மேல் ஏறவில்லை. கொம்பனியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் மாணவர் ஒருவர்தான் ரவுட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வயர் செருகும் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் விடாதவை! அந்த 1200 என்பது 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிப் போட்ட தொகை. எந்த வீட்டிலும் அது கைக்கு வருவதில்லை.

உங்கள் சுவரில் கொம்பனிக்காரர் பொருத்திய பெட்டியைப் பாருங்கள். கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதுதான். பெரும்பாலும் ரவுட்டரும் வைபையும் அதற்குள்ளேயே இருக்கும். வீட்டுத் தொலைபேசியும் அதிலேயே செருகப்பட்டிருக்கலாம். ஆகவே கடையில் எதை வாங்கினாலும் அதைக் கழற்ற முடியாது. புதியது அதற்குப் பின்னால்தான் வரும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தப் பெட்டிக்கு அருகில் நின்று, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் போனை இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே குறைவாக இருந்தால், வேறு போனிலும் பார்த்துவிட்டுக் கொம்பனிக்கு முறைப்பாடு செய்யுங்கள். அங்கே 90 வந்து, பின்னறையில் 5 வந்தால் குற்றம் சுவருடையது. நமது வீடுகளின் கல் சுவரும் கொங்கிரீட் தட்டும் இந்த அலைகளை நன்றாக விழுங்குபவை. குளிர்சாதனப் பெட்டியும் இரும்பு அலுமாரியும் இடையில் நின்றால் கேட்கவே வேண்டாம். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சோம்பல்படும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அதில் தடங்கலும் வரும்.

ஆறு கொம்பு ஏன் உதவாது? முன் ஹோலில் நின்று நீங்கள் உரத்துக் கூப்பிடலாம்; பின்னறையில் இருப்பவருக்குச் சன்னக் குரல் என்றால் அவர் பதில் உங்களுக்குக் கேட்குமா? போனும் அந்தச் சுவரைத் தாண்டித் திரும்பப் பேச வேண்டும். அதற்கு இருப்பது சின்னக் குரல்தான்.

உங்கள் பெட்டி கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அலுமாரியை நகர்த்துங்கள். பெட்டியை நீங்களாக இடம் மாற்ற வேண்டாம், கண்ணாடி இழை மடிந்தால் முறியும். அதிலும் சரிவராவிட்டால், பெட்டியிலிருந்து பின்னறை வாசல் வரை ஒரு கெட் 6 வயர் இழுத்து, அங்கே சாதாரண ரவுட்டர் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். 100 மீற்றர் வரை அந்த வயரில் வேகம் குறையாது. அதை "அக்சஸ் பொயின்ட்" முறையில் அமைக்கச் சொல்ல மறக்க வேண்டாம். வீட்டில் ஒரு ரவுட்டர் அதிகாரம் செலுத்தினால் போதும்.

அந்த இரண்டாவதை வாங்கும்போது கொம்புகளை எண்ண வேண்டாம். துளைகள் "கிகாபிட்" தானா, வைபை 6 தானா, டபிள்யூபிஏ 3 பாதுகாப்பு உண்டா என்று மூன்றை மட்டும் கேளுங்கள். வைபை 7 என்று கூடிய விலையில் காட்டுவார்கள். உங்கள் போன்கள் அதற்கு ஏற்றவையாக இல்லாவிட்டால் பயன் சொற்பம். பக்கத்து வீட்டாருக்கும் விருந்தினருக்கும் கொடுக்க "கெஸ்ட்" இணைப்பு ஒன்றைத் தனியாக வையுங்கள். இரவு பத்து மணிக்குப் பின் பிள்ளைகளின் போனுக்கு வைபையை நிறுத்தும் வசதியும் பல ரவுட்டர்களில் உண்டு. சிம்மில் டேட்டா இருந்தால் அது அவர்களைத் தடுக்காது என்பது வேறு விடயம்!

2022இல் மணிக்கணக்காக மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. மிச்சப்படும் காசில் ஒரு சிறிய பற்றரி யூபிஎஸ் வாங்கலாம். சுவர்ப் பெட்டி, இரண்டாவது ரவுட்டர் இரண்டினதும் அடப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அலுமாரியை நகர்த்திய பிறகு பின்னறையில் எவ்வளவு வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள் சகோதரி.