முறை முடிந்த பின்னும்



கிறிஸ்துவின் உண்மைச் சீடன் யார்? கோயிலுக்குத் தவறாது செல்பவன் என்பர் சிலர்; மறைநூலை நாடோறும் ஓதுபவன் என்பர் வேறு சிலர். இரண்டும் நல்லனவே. ஆயினும் இவ்வினாவுக்குரிய விடையை ஏட்டில் தேடுவதினும் ஒருவரது வாழ்வில் தேடுவது எளிது. தமியான் அடிகளாரின் வாழ்வு அத்தகையது.

பெல்ஜியம் நாட்டில் 1840ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஹவாய்த் தீவுகளுக்குச் சமயப் பணியாற்றச் செல்லவிருந்த தமையனார் நோயுற்றமையால், அவருக்குப் பதிலாகக் கப்பலேறி 1864இல் அங்குச் சேர்ந்தார். அம்மக்களின் மொழியைக் கற்று அவர்களுள் ஒருவரானார்.

அக்காலத்தில் தொழுநோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஹவாய் அரசு 1865இல் இயற்றிய சட்டத்தின்படி, நோயுற்றோர் குடும்பத்தினின்று பிரிக்கப்பெற்று மொலொக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறமும் கடல். மற்றொரு புறம் செங்குத்தான மலை. அவர்களிடையே நிலையாகத் தங்குவதற்குக் குருவானவர் ஒருவரும் இல்லை. 1873இல் ஆயர் இக்குறையை எடுத்துரைத்தபோது குருக்கள் நால்வர் முன்வந்தனர். ஒருவர் மாற்றி ஒருவராகச் சில காலம் தங்கி வருவது என்று ஏற்பாடாயிற்று. முதல் முறை தமியானுடையது.

இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு 'முறை' என்பதன் பொருள் நன்கு தெரியும். ரிலீவர் வந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புவோம். அதில் குற்றம் ஏதுமில்லை. தமியானோ திரும்ப விரும்பவில்லை. தம்மை அங்கேயே இருக்கவிடுமாறு மேலோரை வேண்டிக்கொண்டார். ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் இருந்தார்.

அங்கு அவர் அற்புதங்கள் எவற்றையும் நிகழ்த்தவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார், வீடுகள் எழுப்பினார், ஊருக்குக் குழாய் வழியே நீர் கொணர உழைத்தார், ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லம் அமைத்தார், இறந்தோர்க்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்து, குழியும் தோண்டினார். இறுதியில் அந்நோய் அவரையும் பற்றியது. அதன் பின்னரும் பணியை விட்டாரில்லை. 1889 ஏப்ரல் 15 அன்று, தமது 49ஆம் வயதில், அம்மக்களிடையே உயிர் நீத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 2009இல் அவரைப் புனிதர் என அறிவித்தது.

முன்வந்த நால்வரும் நல்லோரே. அழைப்பைக் கேட்டு எழுவதற்கும் துணிவு வேண்டும். எனினும் சீடனின் உண்மை, எழுந்த நாளில் அன்று, தங்கிய நாட்களிலேயே விளங்குகிறது.

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது தொலைதூரத்துக் கதை அன்று. உற்றாரில்லாத இவ்விடத்தில் நம்மவர் ஒருவர் நோயுற்றால், முதல் நாள் பழங்களோடு பலர் வருகின்றனர். பத்தாம் நாளில்தான் மருந்து வாங்கி வரவும், இரவில் விழித்திருக்கவும், பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிக் கொடுக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. அன்று அவ்வீட்டு வாயிலில் நிற்பவர் எச்சமயத்தவராயினும், தமியான் சென்ற வழியில் நடப்பவரே.

அத்தகைய பத்தாம் நாள் இன்று எவர் இல்லத்தில் நடக்கிறது என்று விசாரிப்போமாக.