“சண்டைக்குப் பிறகு ஆள் இப்பிடித்தான்”

வன்னியில், இரணைமடுக் குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒருவர் இரவிரவாகத் தனக்குள் பேசிக்கொண்டு நடந்தால், கேட்பவர்களுக்குச் சொல்ல ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: “சண்டைக்குப் பிறகு ஆள் இப்பிடித்தான்.” இரக்கத்தோடு சொல்லப்படும் பதில்தான். 2009 மே வரை நடந்த போரில் இந்த மண் பட்டதை அறிந்தவர் எவரும் அதைப் பொய் என்று தள்ளமாட்டார். ஆனால் அந்தப் பதிலோடு எழுந்து போய்விடுவது தவறு. மருந்துள்ள நோயை விதி என்று எழுதிவிடுகிறோம்.

போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் சமூகத்தையுமே காயப்படுத்தும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். இழந்த பிள்ளையின் குரல் தாயின் காதில் கேட்பது துயரமாக இருக்கலாம்; அதற்கு நோய்ப்பெயர் சூட்டக் கூடாது. அதேபோல, கேட்கும் குரலெல்லாம் துயரமும் அல்ல. போரே காணாத நாடுகளில் வரும் மனநோய்கள் வன்னியிலும் வரும்.

அவற்றில் ஒன்றை வைத்தியர்கள் ‘ஸ்கிசோஅஃபெக்டிவ்’ என்கிறார்கள். 1933இல் அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் கசனின் இட்ட பெயர். ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது. இல்லாத குரல் கேட்பது, ‘எனக்கு நஞ்சு வைக்கிறார்கள்’ என்று உறுதியாக நம்புவது போன்ற மனச்சிதைவின் குறிகளும், நித்திரையற்ற மிதமிஞ்சிய எழுச்சியோ எழும்ப முடியாத சோர்வோ ஆகிய மனநிலைக் கோளாறும் ஒரே ஆளில் சேர்ந்து நிற்கும். மனநிலைக் குழப்பம் இல்லாத காலத்திலும் குறைந்தது 2 கிழமைக்குக் குரலோ பிழையான நம்பிக்கையோ தனித்து நின்றதா? நோயின் பெரும்பகுதிக் காலம் மனநிலைக் குழப்பமும் இருந்ததா? அமெரிக்க வரையறை இந்த இரண்டையும் கேட்கிறது. இதைச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கானும் இல்லை. எடுக்கும் பரிசோதனைகளெல்லாம் தைரொயிட், வலிப்பு, போதைப்பொருள் போன்ற வேறு காரணங்களை விலக்கத்தான்.

குளத்தின் அடிக்கணக்கை ஒரே ஒருநாள் பார்த்துவிட்டுச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று நாம் தீர்மானிப்பதில்லை. நோயாளியைக் கிளினிக்கில் சில நிமிடம் பார்க்கும் வைத்தியரும் அந்த ஒருநாளை வைத்துத் தீர்மானிக்க முடியாது. “காலபோக விதைப்புக்கு முன்னம் நித்திரை குறைஞ்சது, அறுவடைக்குள்ள ஆள் தெளிஞ்சிட்டார், ஆனா குரல் மட்டும் நிக்கேல்லை” என்று வீட்டார் சொல்லும் ஒரு வாக்கியம் எந்தப் பரிசோதனையையும் விடப் பெறுமதியானது. அந்த வாக்கியத்தைத்தான் நாம் மறைக்கிறோம். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பதற்காக, ‘விசர்’ என்ற சொல் படலை தாண்டிவிடும் என்பதற்காக, அண்ணனை அறைக்குள் பூட்டுகிறோம். அந்தப் பயத்தை நாம் அறிவோம். அந்தச் சொல்லை எறிகிற ஊருக்கும் இந்தப் பூட்டில் பங்குண்டு. ஆனாலும் பூட்டியவர் பிழையே செய்கிறார். கனகாம்பிகை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதில் குற்றமில்லை. நூல் கட்டப் போய்க் கிளினிக் தவணையைத் தவறவிடுவது குற்றம்.

வைத்தியம் உண்டு. ரிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்ற குளிசைகள் குரலையும் சந்தேகத்தையும் தணிக்கும். எழுச்சிக்கு லித்தியமோ வல்புரோவேற்றோ, சோர்வுக்கு அதற்கான மருந்தோ சேரும். குளிசை மறப்பவருக்குச் சில கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. ஆள் தெளிந்தவுடன் ‘இனி ஏன்’ என்று நிறுத்திவிடுவதுதான் நோய் திரும்பும் வழக்கமான வழி. கர்ப்பமாகக்கூடிய பெண் எடுத்தால் வல்புரோவேற் சிசுவைப் பாதிக்கலாம். அதைக் கலியாணத்துக்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும்.

லித்தியத்தைப் பற்றி வயற்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடியாமல் நின்றால், அல்லது வயிற்றோட்டம் கண்டால், இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகுமளவுக்கு ஏறலாம். நாரி நோவுக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரூபன், டைகுளோபெனக் போன்றவையும் அப்படி ஏற்றும். கை நடுக்கம் கூடி, தள்ளாடி, வாந்தி எடுத்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகமும் தைரொயிட்டும் ஒழுங்காகச் சோதிக்கப்பட வேண்டும். துண்டை எழுதிக் கையில் கொடுப்பதோடு நிற்காமல், இதை நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்வது வைத்தியரின் கடமை.

அரசும் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. மனநோயாளர் குறித்து ஆங்கிலேயர் 1873இல் இயற்றிய கட்டளைச் சட்டத்துக்கு 150 ஆண்டு நிறைந்தபோதும் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கவில்லை. அடைத்துவைப்பதை முதன்மையாக எண்ணிய காலத்துச் சட்டம் அது. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, நிறுத்தவே கூடாத குளிசையையும் கடைகடையாகத் தேடவேண்டியிருந்தது. வாய்க்காலோரக் குடியேற்றத் திட்டங்களிலிருந்து கிளிநொச்சி நகருக்கு ஒரு ஊசிக்காக வருகிறவர் அன்றைய கூலியை இழக்கிறார். கூட வரும் தாயும் இழக்கிறார். அந்த ஊசியை மாதத்தில் ஒருநாள் ஊருக்குக் கொண்டுவந்து போட ஒரு தாதியும் ஒரு வாகனமும் போதும். அதைக்கூடச் செய்யாமல், வராதவரின் பெயருக்கு நேரே ‘தவணைக்கு வரவில்லை’ என்று எழுதிவிட்டு இருக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை.