தாதியர் செய்வதும் அறிவியல்தான்

“அறிவியலில் ‘ஏ’ வந்தால் டாக்டருக்குப் படி, வராவிட்டால் தாதி வேலைக்குப் போ.” இந்தக் கணக்கை உங்களில் பலர் வீட்டிலோ உறவினர் திருமணத்திலோ கேட்டிருப்பீர்கள். எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் நானும் கேட்கிறேன். தாதி என்றால் ஊசி போடுவார், மருந்து கொடுப்பார், படுக்கை விரிப்பை மாற்றுவார். அதற்கு அன்பும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது நம் பெரியவர்களின் எண்ணம். அன்பும் பொறுமையும் வேண்டும்தான். அவை மட்டும் போதும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. இதயம், சுவாசம், சிறுநீரகம் என்று நீங்கள் படிவம் மூன்றிலும் நான்கிலும் படிக்கும் பாடங்களைத் தாதியர் நாள்தோறும் ஒரு மனிதரின் உடலில் செய்து பார்க்கிறார்கள். தேர்வில் விடை தவறினால் உங்களுக்கு மதிப்பெண் குறையும். அங்கே விடை தவறினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இதயம். அது துடிப்பதற்கு முன் ஒரு மின்னலை அதன் தசைகளில் ஓடுகிறது. அந்த மின்னலை தோலை வந்தடையும்போது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட் அளவே இருக்கும். நீங்கள் சுவர்க்கடிகாரத்தில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கை அளக்க வேண்டும்! நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார். அவருடைய கருவி ஓர் அறையையே அடைத்துக்கொண்டது. நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று உப்புநீர்ச் சாடிக்குப் பதில் நெஞ்சில் ஒட்டும் சிறிய வட்டங்கள் வந்துவிட்டன. ஒட்டுவதற்கு முன் தாதி அந்த இடத்தைத் துடைத்து, நன்றாக உலர விடுவார். முடி இருந்தால் கத்தரிப்பார். பார்ப்பவருக்கு இது சுத்தம் பார்ப்பதுபோல் தெரியும். உண்மையில் அவர் மின்தடையைக் குறைக்கிறார். எண்ணெய்ப்பசையும் இறந்த தோல் செல்களும் மின்சாரத்தை எளிதில் கடத்தா. வட்டத்தின் நடுவில் இருக்கும் பசை காய்ந்துபோனாலும் திரையில் கோடு நடுங்கும். ஓம் விதியைப் படிக்கும்போது இதை எந்தப் பாடநூலும் ஏன் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

திரை பொய் சொல்வதும் உண்டு. நோயாளி பல் துலக்கினால், அந்தக் கை அசைவே திரையில் ஆபத்தான வேகத் துடிப்பைப்போல் தோன்றக்கூடும். ஒரு கம்பி கழன்றுவிட்டால் இதயம் நின்றதுபோல் நேர்க்கோடு வரும். அதனால்தான் மணி ஒலித்ததும் முதலில் நோயாளியைப் பார், பிறகு திரையைப் பார் என்று தாதியருக்குக் கற்பிக்கிறார்கள். அவர் பேசுகிறாரா? நாடி தட்டுப்படுகிறதா? கருவி காட்டும் அளவு வேறு, உண்மை வேறு என்று பிரித்தறிவதைத்தானே நாம் அறிவியல் கூடத்தில் ‘பிழை’ என்ற தலைப்பில் படிக்கிறோம்?

இசிஜி தாளைப் படிப்பதிலும் கணக்கு இருக்கிறது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. பெரிய கட்டம் ஒன்று 5 மில்லிமீட்டர், அதாவது 0.2 நொடி. ஒரு நிமிடத்தில் அப்படி 300 கட்டங்கள். இரண்டு உயர்ந்த முனைகளுக்கு இடையே 4 பெரிய கட்டங்கள் இருந்தால் துடிப்பு 300 ÷ 4 = 75. ஐந்தாம் வகுப்புக் கணக்கு, ஆனால் நள்ளிரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போட வேண்டிய கணக்கு.

அடுத்து மூச்சு. ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். இதை எண்ணும்போது அனுபவமுள்ள தாதி நோயாளியிடம் சொல்லமாட்டார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். ஏன் தெரியுமா? எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நாம் மூச்சை மாற்றிக்கொள்வோம். வீட்டில் தம்பி தங்கையிடம் இதைச் சோதித்துப் பாருங்கள்: ஒருமுறை சொல்லிவிட்டு எண்ணுங்கள், ஒருமுறை சொல்லாமல் எண்ணுங்கள். உடல்நிலை மோசமாகும்போது பல நேரங்களில் முதலில் மாறுவது இந்த எண்ணிக்கைதான். எந்தக் கருவியும் தேவைப்படாத அளவை இது. அதனாலேயே அவசரத்தில் சிலர் எண்ணாமல் ‘18’ என்று எழுதிவிடுகிறார்கள் என்ற குறை உலகம் முழுதும் இருக்கிறது.

விரலில் மாட்டும் கருவியை கோவிட் காலத்தில் எல்லாரும் பார்த்தோம். ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்டறிந்த முறை அது. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்துகிறது. உயிர்வாயு ஏற்றிய ஹீமோகுளோபினும் ஏற்றாததும் இந்த இரண்டு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் கணக்கிட முடிகிறது. நகச்சாயம் இருந்தால், விரல் சில்லிட்டிருந்தால் எண் தவறும். இன்னொன்று நமக்கு முக்கியம். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி சில நேரங்களில் உண்மையைவிட அதிகமான எண்ணைக் காட்டிவிடுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது. 95 என்று காட்டுகிறதே என்று நிம்மதி அடையாமல், மூச்சுத் திணறும் முகத்தைப் பார்த்து டாக்டரை அழைக்கும் தாதி எவ்வளவு அறிவியல் தெரிந்தவர் என்று யோசியுங்கள்.

இப்போது சிறுநீரகம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாடநூலில் ‘ரெசாப்பான்’ என்று நீங்கள் படிக்கும் பரவல் இங்கேதான் உயிர் காக்கிறது.

இரத்தத்தில் யூரியா அதிகம். சவ்வின் மறுபுறம் ஓடும் டயாலிசிஸ் திரவத்தில் யூரியா அறவே இல்லை. எனவே செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது தானே போய்விடுகிறது. சோடியமும் குளுக்கோசும் திரவத்தில் இரத்தத்தை ஒத்த அளவில் சேர்க்கப்படுகின்றன. இல்லாவிட்டால் தேவையானவையும் கழிவோடு போய்விடும். சிவப்பணுக்களும் புரதங்களும் பெரியவை என்பதால் சவ்வைத் தாண்டா. அவ்வளவுதான் தத்துவம். நெதர்லாந்து டாக்டர் வில்லெம் கோல்ஃப், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தம் நாட்டை ஆக்கிரமித்திருந்த நேரத்தில், சாசேஜ் செய்யப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி இதைச் செய்து பார்த்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்களில் பலர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயது மாது ஒருவர் பிழைத்தார்.

இப்போது ஒரு கணக்கு. திரவம் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் ஓடுகிறது. ஒரு சிகிச்சை 4 மணி நேரம். 500 × 240 = 120 லிட்டர். வாரத்துக்கு மூன்று முறை என்றால் 360 லிட்டர். நீங்கள் நாளுக்கு 2 லிட்டர் குடித்தாலும் வாரத்துக்கு 14 லிட்டர்தான். அந்த 14 லிட்டரும் குடல் வழியாகச் சென்று வடிகட்டப்படுகிறது. டயாலிசிஸ் நோயாளியின் இரத்தத்துக்கும் 360 லிட்டர் நீருக்கும் இடையே ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கிறது. குழாய்நீரில் கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோராமின் நமக்குத் தீங்கு செய்வதில்லை. டயாலிசிஸ் நீரில் அது மிஞ்சினால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் கரி வடிகட்டியும் எதிர் சவ்வூடுபரவல் கருவியும் வைத்திருக்கிறார்கள். நோயாளிகளை இணைப்பதற்கு முன் நீரில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்து, எழுதிக் கையொப்பமிட வேண்டும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு மையத்துக்கு லாரியில் வந்த, சரியாகச் சுத்திகரிக்கப்படாத நீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்திருந்தது. கல்லீரல் செயலிழந்து ஏறக்குறைய 50 நோயாளிகள் இறந்தார்கள்.

எடையும் அப்படித்தான். நோயாளி வந்ததும் எடை பார்ப்பது சம்பிரதாயம் அன்று. சிறுநீர் பிரியாததால் குடித்த நீர் உடலிலேயே தங்கும். ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். இருக்க வேண்டிய எடை 60 கிலோ, வந்த எடை 62.4 என்றால் 2.4 லிட்டரை 4 மணி நேரத்தில் எடுக்க வேண்டும்: மணிக்கு 600 மில்லிலிட்டர், கிலோவுக்கு 10. இது 13ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே நோயாளி 64 கிலோவுடன் வந்தால்? 4 லிட்டர் எடுக்க வேண்டும். 13 என்ற எல்லைக்குள் நிற்க ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இழுத்து எடுத்தால் இரத்த அழுத்தம் சரியும். நோயாளி திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடாமல், உடனே அழுத்தம் பார்க்கிறார் தாதி. இரத்தம் எடுக்கும் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருப்பார்கள். அங்கே விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு இல்லை என்றால் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். விரல் நுனியே கருவி.

மூன்று பாடங்களும் தனித்தனி என்று நினைக்காதீர்கள். ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாழைப்பழம், இளநீர், டுரியான் என்று பொட்டாசியம் மிகுந்தவற்றையும் சாப்பிட்டார். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. இசிஜியில் ‘டி’ அலை கூடாரம்போல் கூர்மையாக எழுகிறது. வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சு எண்ணிக்கை 30ஐத் தொடுகிறது. சிறுநீரகக் கோளாறு இதயத்திலும் மூச்சிலும் தெரிகிறது. அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் படுக்கை அருகில் நிற்கும் தாதிதான்.

இதை நம் சமூகத்திடம் ஏன் சொல்கிறேன்? 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே விகிதம் மிக அதிகம். புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே கொண்டுவந்தது இனிப்புநீரே. உங்கள் வகுப்பில் தாத்தாவையோ அத்தையையோ வாரம் மூன்று முறை மையத்துக்கு அழைத்துச் செல்லும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழில் “இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், பாட்டி?” என்று கேட்க ஒருவர் தேவை. ஆனால் அந்த வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறோம். ஆண் பிள்ளை என்றால் பேச்சே இல்லை. அனுபவமுள்ள தாதியர் பலர் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்கள் என்று நாளேடுகள் எழுதுகின்றன. அந்நாடுகள் அவர்களின் மதிப்பை அறிந்திருக்கின்றன; இங்கே நாம் இன்னும் “மிஸ்ஸி, ஒரு தலையணை” என்கிறோம்.

எல்லாரும் தாதியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாதியர் டிப்ளோமா மூன்று ஆண்டுப் படிப்பு. அதில் சேரக் கணிதத்திலும் அறிவியலிலும் தேர்ச்சி கேட்கிறார்கள். இது தோற்றவருக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு அன்று என்பதை உங்கள் வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: பரவல் பாடத்தை உருளைக்கிழங்குத் துண்டோடு முடித்துவிடாதீர்கள்.

பல ஊர்களில் அறநிறுவனங்கள் நடத்தும் டயாலிசிஸ் மையங்கள் உள்ளன. உங்கள் அறிவியல் கழகத்தின் வழியாக முன்கூட்டியே கடிதம் எழுதி, சிறு குழுவாகப் போய்வரலாம். நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். இயந்திரத்தை மட்டும் வேடிக்கை பார்க்காமல், பின்னால் இருக்கும் நீர்ச் சுத்திகரிப்பு அறையைக் காட்டும்படி கேளுங்கள். தாதியிடம், இன்று காலை குளோரினை எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள்; பதிவேட்டைத் திறந்து காட்டுவார்.