வைக்கிங் என்றொரு நாடு இல்லை!

பிள்ளைகளே, போன பவுர்ணமிக்கு நானும் கிரிவலம் போயிருந்தேன். மொத்தம் 14 கிலோ மீட்டர் அல்லவா, பேச்சுத் துணைக்கு ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா, அம்மா, எட்டாவது படிக்கும் ஓர் அக்கா, நாலாவது படிக்கும் ஒரு தம்பி.

அக்னி லிங்கம் தாண்டியதும் சாலையோரம் வரிசையாகப் பொம்மை வியாபாரம். பலூன், ஊதல், பாசிமணி, பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு மினுக்குகிற கொம்பு... தம்பி அடம் பிடித்துக் கொம்பைத் தலையில் மாட்டிக்கொண்டான். அப்பாவின் குடையைப் பிடுங்கிக் கத்தியாக்கி, "நான் வைக்கிங்! எல்லாரும் ஓடுங்க!" என்று ஒரு கூச்சல். கார்ட்டூன் பார்த்த வேகம்!

கொம்பு விற்ற அம்மா சிரித்துக்கொண்டே, "ஓடு சாமி, ஐம்பது ரூபா குடுத்துட்டு ஓடு" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் அந்த அக்கா தன் அம்மாவின் காதோரம், "அம்மா, பையைப் பிடிச்சுக்கோ. நரிக்குறவங்க..." என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் விற்றவரின் காதில் விழுந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கனவே ஒழுங்காகத் தொங்கிய மணிகளை மறுபடி ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

வேடிக்கையைப் பாருங்கள். கொள்ளையடித்தவர்களின் பெயரைத் தம்பி பெருமையாகச் சூட்டிக்கொண்டான். வெயிலிலும் பனியிலும் நின்று பொருள் விற்றுப் பிழைப்பவரின் பெயரைச் சொன்னதும் பையைப் பிடிக்கச் சொல்கிறாள் அக்கா. இந்தப் பெயர் விஷயத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் வைக்கிங்கைப் பார்ப்போம்.

உலகப் படத்தில் ஐரோப்பாவின் தலைமாட்டில் நார்வே, சுவீடன், டென்மார்க் என்று மூன்று நாடுகள் இருக்கும். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் என்ன செய்தனர் தெரியுமா? பார்லி விதைத்தனர். ஆடு, மாடு மேய்த்தனர். மீன் பிடித்தனர். கம்பளி நெய்தனர். நம்ம செங்கம், போளூர்ப் பக்கத்துப் பிழைப்பு மாதிரிதான். குளிர் மட்டும் கடுமை.

அவர்கள் பேசிய மொழி பழைய நார்ஸ். அந்த மொழியில் 'வீக்கிங்' என்றால் கப்பலேறிக் கொள்ளைக்கோ சண்டைக்கோ போகிற பயணம். அப்படிப் போகிற ஆள் 'வீக்கிங்கர்'. "அவர் வேட்டைக்குப் போயிருக்கிறார்" என்று நாம் சொல்கிறோமே, அதுபோல "அவன் வீக்கிங் போயிருக்கிறான்" என்பார்கள். திரும்பி வந்து கலப்பையைப் பிடித்தால் மறுபடி உழவன்தான்! போகாதவர்களுக்கோ அந்தப் பெயர் கிடையவே கிடையாது. வைக்கிங் என்று ஒரு நாடும் இருந்ததில்லை, ஓர் இனமும் இருந்ததில்லை.

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னமும் சண்டை. 'வீக்' என்றால் நிலத்துக்குள் நுழைந்திருக்கும் சிறு குடா. அதில் பதுங்கியிருந்து பாய்ந்தவர்கள் என்பதால் வந்தது என்கின்றனர் சிலர். ஆஸ்லோ நகரை ஒட்டிய கடற்கரைப் பகுதிக்கே 'வீக்' என்று பெயர், அங்கிருந்து வந்தவர்கள் என்கின்றனர் வேறு சிலர். கப்பலில் துடுப்பு வலிப்பவர்கள் முறை மாற்றிக்கொள்ளும் தூரத்துக்கு 'வீகா' என்று பெயர். அதிலிருந்து வந்தது என்பது மூன்றாவது கட்சி. எனக்கென்னவோ மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. துடுப்பு வலித்துக் கை காய்த்தவர்களுக்கு அது பொருத்தம்தானே!

கி.பி. 793, ஜூன் 8. இங்கிலாந்தின் வடகிழக்கில் லிண்டிஸ்பார்ன் என்ற தீவு. அங்கிருந்த மடத்தின் மீது கப்பல்களில் வந்தவர்கள் பாய்ந்தனர். துறவிகளைக் கொன்றனர். பொன்னையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு போயினர். ஐரோப்பாவே நடுங்கியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் அங்கே நீளமாக எழுதி வைக்கிற பழக்கம் மடத்துத் துறவிகளிடம்தான் இருந்தது. அடி வாங்கியவர்களும் அவர்களே. வடக்கிலிருந்து வந்தவர்கள் கல்லிலும் மரத்திலும் 'ரூன்' எழுத்தில் சிறு சிறு வரிகளைச் செதுக்கியதோடு சரி. அதனால் நமக்குக் கிடைத்த பழைய கதைகளில் பெரும்பாலானவை அழுதவர்கள் எழுதியவை.

அழுதவர்களும் அவர்களை 'வைக்கிங்' என்று பெரும்பாலும் எழுதவில்லை. ஆங்கிலேயர் 'டேனியர்' என்றனர். இன்றைய பிரான்ஸ் பக்கத்தினர் 'வடக்கத்தியர்' என்றனர். ஆறுகள் வழியாகக் கிழக்கே வியாபாரத்துக்குப் போனவர்களுக்கு 'ரூஸ்' என்று பெயர். ரஷ்யா என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பின்னே, எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு 'வைக்கிங்' என்று யார் சொன்னது? ஆயிரம் ஆண்டு கழித்து, 19-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலத்தில் கதை எழுதியவர்கள்! கடலுக்கே போகாத பாட்டியும், மாடு மேய்த்த சிறுவனும்கூட அன்றிலிருந்து வைக்கிங் ஆகிவிட்டனர்.

கொம்பு? அதுவும் இரவல்தான். ஜெர்மனியில் 1876-ல் வாக்னர் என்ற இசைமேதையின் பெரிய இசை நாடகம் அரங்கேறியது. அதற்கு உடை அமைத்த டோப்ளர் என்ற ஓவியர், கொம்பு வைத்த தலைக்கவசம் வரைந்தார். மக்களுக்குப் பிடித்துப் போயிற்று. உண்மையான கவசம் ஒன்று 1943-ல் நார்வேயின் யெர்முண்ட்பூ என்ற பண்ணையில் கிடைத்தது. இரும்புத் தொப்பி, கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு தடுப்பு. கொம்பு கிடையாது! யோசித்துப் பாருங்கள், சண்டையில் கொம்பு வைத்துக்கொண்டு நின்றால் எதிரி பிடித்து இழுக்க வசதியாகப் போய்விடாதா?

சும்மா சொல்லக் கூடாது, கப்பல் கட்டுவதில் அவர்கள் சூரர்கள். நார்வேயில் ஓசபர்க் என்ற இடத்தில் 1904-ல் மண்ணுக்கடியிலிருந்து ஒரு முழுக் கப்பலையே தோண்டி எடுத்தனர். நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். கி.பி. 834-ல் புதைக்கப்பட்டது. இப்படிப்பட்ட கப்பல்கள் ஆழமில்லாத ஆற்றிலும் போகும், கடலிலும் போகும். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து எல்லாம் தாண்டி வட அமெரிக்காவுக்கே போயினர். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அவர்கள் வெட்டிய மரத்துண்டுகளை ஆராய்ந்து, வெட்டிய ஆண்டு 1021 என்று 2021-ல் கண்டுபிடித்தனர். கொலம்பஸ் போனது 1492-ல்!

இன்னொரு செய்தி உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். சுவீடனில் ஹெல்கோ என்ற தீவில் 1956-ல் ஒரு குட்டிப் புத்தர் சிலை கிடைத்தது. உயரம் ஒரு சாண்கூட இல்லை. நம் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்யப்பட்டது. கை மாறிக் கை மாறி அத்தனை தூரம் போயிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'விண்டோ' என்கிறீர்களே, அதுவும் நார்ஸ்காரர்கள் கொடுத்த சொல். 'காற்றின் கண்' என்று பொருள். பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எங்கோ பனியில் இருந்தவனுக்கும் நம் பாட்டனுக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது!

அதற்காக அவர்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்களைப் பிடித்து அடிமையாக விற்றனர். அயர்லாந்தின் டப்ளினில் அதற்கென்றே சந்தை இருந்தது. அது கொடுமைதான். செய்தவனைக் கொடியவன் என்று தாராளமாகச் சொல்லலாம். அவன் ஊரில் கம்பளி நெய்தவளை ஏன் சொல்ல வேண்டும்?

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. கி.பி. 1016-ல் கனூட் என்ற டேனிய அரசர் இங்கிலாந்தின் அரியணையில் ஏறினார். அதற்கு இரண்டு ஆண்டு முன், 1014-ல், நம் ராஜேந்திர சோழர் முழு அரசரானார். இருவரும் ஒரே காலம்! 1025-ல் ராஜேந்திரரின் கப்பல்கள் கடல் கடந்து போய்க் கடாரத்தைத் தாக்கின. இன்றைய மலேசியாவில் இருக்கும் கெடா அது. அந்த அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் குவித்து வைத்த செல்வத்தையும், நகர வாயிலில் இருந்த தோரணத்தையும்கூட எடுத்து வந்ததையும் அவருடைய மெய்க்கீர்த்தி பெருமையோடு சொல்கிறது. நாமும் 'கடாரம் கொண்டான்' என்று படித்து மார்தட்டுகிறோம். எனக்கும் அந்தக் கப்பல்களை நினைத்தால் பெருமைதான். ஆனால் அன்று கடாரத்துத் தெருவில் நின்ற ஒரு பத்து வயதுப் பிள்ளை, கப்பலில் வந்தவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்திருக்கும்? நிச்சயமாக 'கொண்டான்' என்றிருக்காது.

அந்த டேனியரின் வழிவந்தவர்கள் நம்ம தமிழ்நாட்டுக்கும் வந்தனர், தெரியுமா? 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். ரகுநாதரின் தாத்தா செவ்வப்ப நாயக்கர்தான் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய நம் அண்ணாமலையார் கோவிலின் 217 அடி ராஜகோபுரத்தைக் கட்டி முடித்தவர்! 1845-ல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயினர். ஆனாலும் திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் மேல்நிலைப் பள்ளியின் பெயரில் இன்றும் இருக்கின்றனர். அந்தப் பள்ளியில் படிக்கும் அண்ணன்களைப் பார்த்து யாரும் பையைப் பிடித்துக்கொள்வதில்லை. சரிதானே?

நம்மவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1871-ல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் கொண்டு வந்தனர். சில சமூகங்களில் பிறந்தாலே குற்றவாளி என்று சொன்ன சட்டம்! குற்றப்பரம்பரைச் சட்டம் என்பார்கள். கைரேகைச் சட்டம் என்றும் பெயர். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், சொல்லாமல் வெளியூர் போகக் கூடாது. திருடியவனுக்கு மட்டும் அல்ல, திருடாதவனுக்கும் இதே கதி. மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920, ஏப்ரல் 3 அன்று இதை எதிர்த்தவர்களைப் போலீஸ் சுட்டதில் 16 பேர் உயிர் இழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-ல் இந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952-ல். இன்று அந்தச் சமூகங்களுக்குச் 'சீர்மரபினர்' என்று பெயர். உங்கள் வகுப்பிலேயே சிலரின் சான்றிதழில் அந்தச் சொல் இருக்கலாம்.

சட்டம் போய்விட்டது. அக்காவின் வாயில் வந்த வார்த்தை போகவில்லை. அவளைத் திட்டவில்லை, அவளுக்கு அதை யாரோ பெரியவர்கள்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அன்று நான் அந்த விற்கிற அம்மாவிடம் ஒரு பாசிமணி மாலை வாங்கிக்கொண்டு, "உங்க ஆளுங்க உங்களை என்னன்னு சொல்லிக்குவீங்கம்மா?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்களுக்குள்ள வாக்ரின்னு சொல்லிக்குவோம் சாமி. நரிக்குறவர்ங்கறது நீங்க வச்ச பேரு" என்றார்.

உண்மைதான். அவர்கள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி மொழிகளுக்குச் சொந்தமான மொழி அது. அதற்குத் தனி எழுத்து கிடையாது. குறவர் என்பது வேறு சமூகம். ஒரு காலத்தில் நரி வேட்டையாடினார்கள் என்பதற்காக நாம் ஒட்டிய பெயர் இது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைக்குத் தடை வந்தது. ஊசி, பாசி, பலூன் என்று பிழைப்பு மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 2023-ல்தான் அது கிடைத்தது.

மீதித் தூரம் முழுக்கத் தம்பிக்கு வைக்கிங் கதை சொல்லிக்கொண்டே நடந்தேன். அக்கா ஒன்றும் பேசாமல் கூடவே வந்தாள். குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் கொம்பின் விளக்கு அணைந்துவிட்டது. தம்பி அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ அந்த ஊர் விவசாயி என்ன தொப்பி போடுவாரு?" என்று கேட்டான்.

"கம்பளித் தொப்பியாத்தான் இருக்கும்" என்றேன்.

"கொம்பே இல்லாமலா?" என்றவனின் முகம் சுருங்கிப் போய்விட்டது.