பசலைக்கு விலை

பெரியநாயக்கன்பாளையத்துக் கடைத்தெருவில், ஆலை வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்காக 'டோனர்' குப்பி ஒன்று காத்திருக்கிறது. முகம் கழுவியபின் பஞ்சில் நனைத்துத் துடைக்க வேண்டுமாம். எதற்கு என்று நாம் கேட்பதேயில்லை.

தோல் மெல்லிய அமிலத்தன்மை கொண்டது, சோப்போ காரம். உப்புத் தண்ணீரில் அது தோலின்மேல் ஒரு படிவையும் விட்டுச்செல்லும். அதைத் துடைத்தெடுப்பதே டோனரின் பழைய வேலை. காரம் குறைந்த 'ஃபேஸ் வாஷ்' வந்தபின் அந்த வேலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆல்கஹால் மிகுந்த வகைகள் தோலை உலர்த்தி எரிச்சலூட்டவும் செய்யும். ஆயினும் குப்பி போகவில்லை. 'பொலிவு' தருவதாகப் புதுவேலை தேடிக்கொண்டது. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனதும் இதே வித்தைதான். சொல் உதிர்ந்தது, ஆசை உதிரவில்லை.

சங்கக் கவிதையில் மாந்தளிர் நிறமான மாமையே அழகு. பிரிவுத் துயரில் அது வெளிறினால் பசலை. அன்று தலைவி அழுது புலம்பிய வெளிறலை இன்று நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மாமையை மேடையில் வியக்கும் நாமே, வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு வந்தால் "புள்ள நல்ல நெறமுங்களா?" என்றுதான் தொடங்குகிறோம். விற்பவனை மட்டும் ஏசிப் பயனில்லை. அந்தக் கேள்வி நம் வாயில் இருக்கும்வரை, அந்தப் பெண்ணின் கூலியில் ஒரு பங்கு குப்பிக்குத்தான் போகும்.