சாயக் கழிவும் பாங்குக் கடனும்

பனியனுக்குப் பெயர் போன திருப்பூரில், சாயப்பட்டறைகள் பல ஆண்டுக் காலம் உப்பும் சாயமும் கலந்த நீரை நொய்யலில் விட்டு வந்தன. பாசனத்திற்கென்று 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாக மாறிவிட்டது. அணையில் தண்ணீர் இல்லையே என்று ஏங்குவது குடியானவர்களின் வழக்கம். இங்கோ, அணையைத் திறந்துவிடப் போகிறார்களே என்று அஞ்ச வேண்டியதாயிற்று!

விவகாரம் வழக்கு மன்றம் ஏறியது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது.

கழிவைச் சுத்தம் செய்யும் வித்தை அதற்கு முன்பே தெரிந்ததுதான். மெல்லிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி வடிகட்டலாம். எஞ்சும் உப்புக் குழம்பைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யலாம். ஆனால் யந்திரமும் மின்சாரமும் பெரும் பணத்தை விழுங்கும். அந்தப் பணத்திற்கு எங்கே போவது?

பாங்கின் கணக்கு

பாங்குக்காரர் கேட்பது இரண்டே கேள்விகள். இந்த யந்திரம் என்ன சம்பாதிக்கும்? கடன் நின்றுபோனால் இதை விற்று என்ன எடுக்கலாம்? புதிய சாய யந்திரம் என்றால் இரண்டுக்கும் பதில் உண்டு. கூடுதல் துணி சாயமேறும். கடன் தவறினால் யந்திரத்தை இன்னொருவர் வாங்கிக் கொள்வார். பூமியில் பதித்த குழாய்களையும், உப்பு அரித்த கொதிகலனையும் யார் வாங்குவார்? அவை ஒரு முழம் துணியைக்கூட அதிகமாகத் தருவதில்லை.

இதே வட்டாரத்துப் பனியன் முதலாளிகள் பலர் காற்றாலைகளை நிறுவினார்கள். அதுவும் சுற்றுப்புறத்திற்கு நன்மை தரும் தொழில்தான். ஆனால் காற்றாலையின் மின்சாரத்திற்கு மாதா மாதம் ஒரு தொகை கணக்கில் ஏறும். வருமான வரியில் தேய்மானச் சலுகையும் உண்டு. 2015 முதல் ரிசர்வ் பாங்கு இத்தகைய மின்சாரக் கடனை முன்னுரிமைப் பட்டியலிலும் சேர்த்தது. பாங்குகள் கதவைத் திறந்ததில் வியப்பென்ன?

சிறு பட்டறைக்காரரின் பாடுதான் பெரும் பாடு. வாடகை இடத்தில் கூலிக்குச் சாயம் போடுபவருக்கு ஜாமீன் காட்ட நிலம் இல்லை. கூலிப் பணமோ மாதங்கள் கழித்துத்தான் கைக்கு வரும். இவர்கள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 2011-ல் பட்டறைகளை மூடியதும் வரும்படி நின்றது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. மேலும் கடன் கேட்டால் எந்த பாங்கு கொடுக்கும்? கடைசியில் மாநில சர்க்கார் 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தர முன்வந்தது. பாங்கு செய்ய வேண்டியதை கஜானா செய்தது என்றே சொல்ல வேண்டும்.

உப்புக்கும் விலை உண்டு

அந்த நெருக்கடியில் பிறந்த புதுமை ஒன்று உண்டு. சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். கழிவில் இருக்கும் உப்புநீரைத் தெளியவைத்து, மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பினால், கொதிக்கவைக்கும் செலவும் மிச்சம். புது உப்பு வாங்கும் செலவும் மிச்சம். இந்த முறை அருள்புரம் பொது நிலையத்தில் பரீட்சித்துக் காட்டப்பட்டது. திரும்பக் கிடைக்கும் நல்ல நீருக்கும் விலை இருக்கிறது. லாரித் தண்ணீர் வாங்கிப் பழகிய ஊருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆக, எதையும் சம்பாதிக்காது என்று ஒதுக்கப்பட்ட யந்திரம், செலவின் ஒரு பகுதியையாவது திருப்பித் தருகிறது.

சிறு தொழில்களுக்கு ஜாமீன் இல்லாத கடனுக்கான உத்தரவாதத் திட்டம் 2000-ல் தொடங்கியது. அதன் உச்ச வரம்பு 2023-ல் 5 கோடியாகவும், 2025-ல் 10 கோடியாகவும் உயர்ந்தது. நிலம் இல்லை என்ற குறைக்கு இது மருந்து. ஆனால் உத்தரவாதம் இருந்தாலும் தவணை தவணைதான். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் முதல் தவணை வந்து நின்றால், சிறு பட்டறைக்காரர் மின்சாரச் செலவுக்கு அஞ்சி யந்திரத்தை நிறுத்தத்தான் பார்ப்பார். மிச்சமாகும் உப்பையும் தண்ணீரையும் வரவாக எழுதிக்கொண்டு, அதற்கேற்பத் தவணையைத் தள்ளிப் போட எத்தனை பாங்குக் கிளைகள் தயாராக இருக்கின்றன?